ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரேசிங் பேன் வாங்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசிங் பேன்னா என்னங்க? வீட்ல இருக்கிற சட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கொஞ்சம் எண்ணெயில இறைச்சியையோ கெட்டியான காயையோ நல்லா சிவக்க வறுத்துட்டு, அதே பாத்திரத்துல அது பாதி மூழ்குற அளவுக்கு தண்ணியோ ஸ்டாக்கோ (எலும்போ காயோ வேக வச்சு வடிச்ச தண்ணி) ஊத்தி, மூடி போட்டு சிம்ல ரெண்டு மூணு மணி நேரம் விட்டுடுவாங்க, அதுதான் பிரேசிங். முதல் வேலைக்கு அகலமா, சீரா சூடேறுற அடி வேணும். ரெண்டாவது வேலைக்கு கொஞ்சம் உயரமான சுவரும் ஆவிய விடாத மூடியும் வேணும். ரெண்டையும் ஒரே பாத்திரத்துல முடிக்கணும்னு செஞ்சதுதான் இது. பொதுவா 26ல இருந்து 30 செ.மீ. அகலம், 6ல இருந்து 8 செ.மீ. உயரம், ரெண்டு பக்கமும் குட்டையா பிடி, மேல கொஞ்சம் குவிஞ்ச மூடி.

அதனால கீழ என்ன கேள்வி வந்தாலும் நான் அடி, மூடி இந்த ரெண்டையே தான் சுத்தி சுத்தி வருவேன், பெட்டியில போட்டிருக்கிற மத்த விஷயமெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

என்கிட்ட ஆழமான பெரிய பாத்திரம் ஒண்ணு இருக்கு. அதுலயே பண்ணக்கூடாதா?

பண்ணலாம், ஆனா வறுக்கிறப்ப தான் தெரியும் கஷ்டம். இறைச்சி சிவக்கணும்னா அதோட மேல்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியஸ தாண்டணும், ஈரம் இருக்கிற வரைக்கும் அது 100 டிகிரிய விட்டு நகராது. குறுகலான பாத்திரத்துல துண்டுங்கள நெருக்கி அடுக்கினா வெளிய வர்ற தண்ணி ஆவியா போக வழியில்லாம அங்கேயே நிக்கும், வறுக்கிறதுக்கு பதிலா வேகும், சாம்பல் கலர்ல பரிதாபமா ஒண்ணு கெடைக்கும். உயரமான சுவரும் ஆவிய உள்ளயே வளைச்சு வச்சுக்கும். 24 செ.மீ. அடியோட பரப்பு சுமார் 450 சதுர செ.மீ., 28 செ.மீ. ஆனா 615 வந்துடுது, பாக்க 4 செ.மீ. தான் வித்தியாசம் ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல இடம் கூடுது.

அப்ப எவ்வளவு பெருசு முடியுமோ அவ்வளவு பெருசா வாங்கிடலாமா?

கூடாது! நாலு துண்டு மட்டும் செய்யற வீட்ல 32 செ.மீ. பேன் வாங்கினா, ஊத்துற தண்ணி மெல்லிசா பரவி நிக்கும், சீக்கிரம் வத்தும், ஓரம் கருகும், வத்துதேன்னு இன்னும் ஊத்துவீங்க, கடைசில ருசி நீர்த்துப் போயிடும். துண்டுங்க விரல் அளவு இடைவெளி விட்டு ஒரே அடுக்கா உக்காரணும், அதுதான் சரியான அளவு. ரெண்டு மூணு பேருக்கு 24 - 26 செ.மீ., நாலஞ்சு பேருக்கு 28, அதுக்கு மேல 30.

கொள்ளளவு போடலன்னா நீங்களே கணக்கு போட்டுக்கலாம்: பாதி அகலம் பெருக்கல் பாதி அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் 3.14, எல்லாம் செ.மீ.ல, வர்றத 1000ல வகுத்தா லிட்டர். 28க்கு 7 உயரம்னா 4.3 லிட்டர். இன்னொரு விஷயம், பெட்டியில போடற அகலம் மேல் வாய் அகலம். சுவர் சாய்வா இருந்தா 28னு போட்ட பேனுக்கு அடி 22 தான் இருக்கும், வறுக்கிறது அடியிலதான். ஸ்கேல வச்சு அடிய அளந்து பாருங்க, வெக்கப்படாதீங்க.

ட்ரைப்ளை, ஃபைவ்ப்ளை, தட்டு வச்ச அடி... எதை எடுக்கறது?

இங்கதான் நெறைய பேர் குழம்புறாங்க, கொஞ்சம் பொறுமையா பாக்கலாம். ஸ்டீல் சூட்டை கடத்துறதுல ரொம்ப சோம்பேறி. அலுமினியம் அதைவிட சுமார் 15 மடங்கு வேகமா கடத்தும், செம்பு 25 மடங்கு. அதனால வெறும் ஸ்டீல் தகடுல செஞ்ச பேன்ல தீ படுற வட்டம் மட்டும் கொதிச்சு மத்த இடம் சும்மா இருக்கும், சிம்ல வச்சாலும் நடுவுல அடிப்பிடிக்கும். இதுக்கு மருந்தா ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க.

ஒண்ணு, வெறும் ஸ்டீல் பாத்திரத்தோட அடியில மட்டும் ஒரு தடிமனான அலுமினியத் தட்ட ஒட்டி அதுமேல ஸ்டீல் மூடறது, இதுதான் தட்டு அடி. இன்னொண்ணு, ஸ்டீல் - அலுமினியம் - ஸ்டீல் மூணையும் தகடா இருக்கும்போதே சேத்து அழுத்தி, அந்தத் தகட்ட அப்படியே பாத்திரமா வளைக்கிறது, இதுல அடியில இருக்கிற அலுமினியம் சுவர் விளிம்பு வரைக்கும் ஏறிப் போகும். இதுதான் ட்ரைப்ளை.

தட்டு அடின்னா தரம் குறைஞ்சதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அதை நான் ஒத்துக்க மாட்டேன். 5, 6 மி.மீ. தடிமன்ல அலுமினியம் இருக்கிற நல்ல தட்டு அடி, பிரேசிங்குக்கு ரொம்பவே நல்லா உழைக்கும், ஏன்னா உள்ள தண்ணி நிக்குது, சுவருக்குச் சூட்டை அந்தத் தண்ணியே எடுத்துட்டுப் போகுது. அதுல வர்ற ஒரே தொந்தரவு, தட்டு சுவர் வரைக்கும் வராம ஒரு செ.மீ. முன்னாடியே முடிஞ்சிருந்தா கேஸ் தீ அந்த மெல்லிசான இடத்த நக்கி வட்டமா கருக்கிடும். பேன கவுத்து பாருங்க, தட்டு ஓரம் வரைக்கும் வந்திருக்கான்னு. இண்டக்ஷன்ல இந்தப் பிரச்சன வராது.

வறுக்கிறது, குழம்ப வத்த வைக்கிறது, ஓவன்ல வைக்கிறது எல்லாத்துக்கும் ஒரே பேன்னா ட்ரைப்ளை எடுங்க, மொத்த தடிமன் 2.5 மி.மீ.க்கு குறையாம இருக்கட்டும். ஃபைவ்ப்ளை, அதாவது அஞ்சு அடுக்கு வச்சது? அடுக்கு எண்ணிக்கைய பாத்து மயங்க வேணாம். 3 மி.மீ. ட்ரைப்ளையும் 3 மி.மீ. ஃபைவ்ப்ளையும் அடுப்புல பெருசா வேற வேற மாதிரி நடக்காது, உள்ள எவ்வளவு அலுமினியம் இருக்குங்கறதுதான் கணக்கு. நடு அடுக்குகள்ல ஸ்டீல் நெறைய போட்டு எண்ணிக்கைய ஏத்தினா உங்களுக்கு கெடைக்கிறது கூடுதல் எடை மட்டும்தான்.

18/8, 18/10, 304, 430, 316... இந்த நம்பர் எல்லாம் என்ன?

18/8 மாதிரி எழுதியிருந்தா முதல் நம்பர் குரோமியம் சதவீதம், ரெண்டாவது நிக்கல். 304, 430 மாதிரி இருந்தா அது ஸ்டீல் ரகத்தோட பேரு. துரு வராம காக்கிறது குரோமியம், அது 10.5 சதவீதம் தாண்டினாலே ஸ்டீல் மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்ஸைடு படலம் உக்காந்துக்கும், கீறினாலும் காத்து பட்டா தானா திரும்ப வந்துடும். நிக்கல் அதுக்கு பளபளப்பும் உறுதியும் குடுக்குது. 304ங்கறதுதான் 18/8. 18/10ம் கிட்டத்தட்ட இதே குடும்பம், சமைக்கிற உங்களுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்ல, அதுக்காக கூட காசு குடுக்காதீங்க.

430 அல்லது 18/0ங்கறதுல நிக்கல் இல்ல, காந்தம் ஒட்டும், உப்பு புளிப்புக்கு 304 அளவு தாங்காது, ஆனா வெளிப்பக்கம் இருந்தா தப்பே இல்ல. 316ல 2, 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்ப இன்னும் நல்லா தாங்கும், கடல் ஓரத்துல உபயோகிக்கிற சாமானுக்கெல்லாம் அது சரி, வீட்டு பேனுக்கு ஆடம்பரம். கவனிக்க வேண்டியது 201, 202. நிக்கல குறைச்சு மாங்கனீஸ் போட்ட ரகம், விலை மலிவு, புதுசுல பாத்தா 304 மாதிரியே மின்னும், நாள்பட்டா புள்ளி புள்ளியா துரு தட்டும். உள்பக்கம் என்ன கிரேடுன்னு பெட்டியில தெளிவா போடலன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும்.

காந்தம் ஒட்டினா அது போலி ஸ்டீல்னு சொல்றாங்களே?

வெளிப்பக்கம் ஒட்டணும், ஒட்டினாதான் இண்டக்ஷன்ல வேலை செய்யும். உள்பக்கத்துக்கு 304 காந்தத்த பெருசா இழுக்காது, ஆனா ட்ரைப்ளை பேன்ல ரெண்டு மி.மீ. தள்ளி வெளி அடுக்கு இருக்கறதால உள்ள இருந்து வச்சாலும் லேசா இழுக்கற மாதிரி இருக்கும். அதை வச்சு போலின்னு முடிவு கட்டிடாதீங்க. மூடியில வச்சுப் பாத்தீங்கன்னா, தனித் தகடுங்கறதால கொஞ்சம் நம்பிக்கையான பதில் கெடைக்கும்.

இண்டக்ஷன் வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பாருங்க. அடுப்புக்குள்ள இருக்கிற காயில் 18, 20 செ.மீ. தான், மேல 28 செ.மீ. பேன வச்சா சுத்தி ஒரு வளையம் நேரடியா சூடாகாது. நல்ல ட்ரைப்ளையா இருந்தா அஞ்சு நிமிஷம் மிதமான சூட்ல விட்டா ஓரம் வரைக்கும் பரவிடும், மெல்லிசா இருந்தா நடுவுல மட்டும் கருகும்.

மூடி கண்ணாடியா, ஸ்டீலா?

என் ஓட்டு ஸ்டீலுக்கு. கண்ணாடில உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்னு சொல்வாங்க, ஆனா அஞ்சு நிமிஷத்துல ஆவி படிஞ்சு எதுவும் தெரியாது, அப்புறம் தூக்கித்தான் பாக்கணும். பல கண்ணாடி மூடிக்கு ஓவன் சூடு 180 டிகிரி சுமாருக்குத்தான் அனுமதி, நடுவுல ஆவி போற ஓட்டை வேற இருக்கும். அந்த ஓட்டை வேகமா கொதிக்கிற பாத்திரத்துக்கு வசதி, மணிக்கணக்குல சிம்ல நிக்கிற பாத்திரத்துக்கு நஷ்டம்.

கனமா இருக்கணும், விளிம்பு பேன் வாய்க்குள்ள கொஞ்சம் இறங்கி உக்காரணும். கடையில மூடிய போட்டு ஒரு விரலால ஓரத்த ஒவ்வொரு பக்கமா அழுத்துங்க, டக் டக்னு ஆடினா எங்கேயோ வளைஞ்சிருக்கு. அப்புறம் மூடிய லேசா சுத்தி விடுங்க, சீரா சுத்தினா வாய் வட்டமா இருக்கு, ஒரு இடத்துல மட்டும் இறுகினா வாய் கோணல். வீட்டுக்கு வந்ததும் திருப்பிக் குடுக்கிற நாள் தாண்டறதுக்குள்ள ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி கொதிக்க விட்டு, சிம்ல ஒரு மணி நேரம் மூடி வச்சு, ஆறினதும் எவ்வளவு மிச்சம்னு அளங்க. கால் பங்குக்கு மேல போயிருந்தா ஒண்ணு உங்க சிம் பெருசு, இல்ல மூடி சரியில்ல, ஆவி ஒரே பக்கமா பீச்சுதான்னு பாத்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

குவிஞ்ச மூடியா தட்டையாங்கறது ருசிக்காக இல்ல, இடத்துக்காக. எலும்போட இருக்கிற பெரிய துண்டு பேன் விளிம்புக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு குவிஞ்ச மூடி இருந்தா தொல்லை இல்ல.

ஒரு நீளப் பிடியா, ரெண்டு பக்கப் பிடியா?

ரெண்டு பக்கப் பிடி. காலி பேனே மூடியோட 3 கிலோ கிட்ட வரும், உள்ள 3, 4 லிட்டர் சாமான் சேந்தா 7 கிலோ, அதுவும் கொதிக்கிற 7 கிலோ, ஒரு நீளப் பிடிய நம்பி தூக்க முடியுமா? ஓவன்லயும் நீளப் பிடி கதவுல இடிக்கும். துணி சுத்தின கையோ தடிமனான கிளவுஸ் போட்ட கையோ, அதோட நாலு விரல் பிடிக்குள்ள நுழையுதான்னு பாருங்க, வெறுங்கைய விட்டுப் பாத்து ஏமாறாதீங்க. பேக்கலைட் (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) பிடி அடுப்புல சுகம், ஓவன்ல தொல்லை.

ரிவெட் அடிச்சதா வெல்டிங்கா? ரிவெட் உறுதி, ஆனா உள்பக்கம் தலை நீட்டிக்கிட்டு இருக்கும், சுத்தி அழுக்கு சேரும், பழைய பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும். வெல்டிங் உள்ள வழுவழுன்னு இருக்கும், நாலஞ்சு புள்ளி போட்டு நல்லா பண்ணினதுன்னா அதுவும் உழைக்கும்.

உள்பக்கம் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணது நல்லதா?

கீறல் பளிச்சுனு தெரியும், அவ்வளவுதான். லேசா தேய்ச்ச மாதிரி மங்கலா இருக்கிற ஃபினிஷ் எடுங்க, பழசானாலும் பழசா தெரியாது.

எனாமல் பூசின வார்ப்பிரும்பு இருக்கும்போது ஸ்டீல் எதுக்கு?

நியாயமான கேள்வி. மூணு மணி நேரம் ஓவன்ல வச்சுட்டு மறந்துடறதுன்னா வார்ப்பிரும்பு தான் ராஜா, சூட்ட அப்படியே புடிச்சு வச்சுக்கும், மூடியும் கனம். ஆனா அதே குணம்தான் தொல்லையும், தீய குறைச்சா பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அதுக்கு சேதி போய்ச் சேரும், வெங்காயம் கருகற மாதிரி இருக்குன்னு அணைச்சாலும் அது பாட்டுக்கு கருகும். ஸ்டீல் சொன்ன பேச்சு கேக்கும். எனாமல் கீழ போட்டா, இடிச்சா சில்லு பெயரும், ஸ்டீல் நசுங்கும் ஆனா சமைக்கலாம். தினம் எடுத்து தினம் கழுவற பாத்திரம்னா எடையையும் யோசிங்க, மணிக்கட்டு வலி இருக்கிறவங்க ஸ்டீல் பக்கம் வந்துடறது நல்லது.

ஸ்டீல்ல எல்லாம் ஒட்டுதே, பேசாம நான்ஸ்டிக்கே வாங்கிடலாமே?

பிரேசிங்குக்கு கொஞ்சம் ஒட்டணும்ங்க! வறுத்த அப்புறம் அடியில பிரவுனா ஒரு படிவு இருக்கும் பாருங்க, குழம்போட ருசில பாதி அதுலதான் இருக்கு. துண்டுங்கள எடுத்து வச்சுட்டு, மிச்ச எண்ணெய சாய்ச்சு ஊத்திட்டு, அரை கப் தண்ணி விட்டு மரக் கரண்டியால சுரண்டினா சொய்ங்னு ஒரு சத்தத்தோட கரைஞ்சு தண்ணி தேன் கலருக்கு மாறும். நான்ஸ்டிக்ல இந்தப் படிவே சரியா வராது, பலமா சூடேத்தினா பூச்சும் கெடும்.

வேண்டாத ஒட்டல் வர்றது பேன் காயறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு போடறதாலதான். காலி பேன மிதமான தீயில ரெண்டு மூணு நிமிஷம் காய வச்சு ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உஸ்னு ஆவியா போனா பத்தல. உருண்டையா திரண்டு பேன் முழுக்க ஓடினா சரி, இப்ப எண்ணெய், அப்புறம் ஈரம் துடைச்ச இறைச்சி. போட்டதும் கிளறக் கூடாது. நல்லா சிவந்ததும் தானே விட்டுக் குடுக்கும், கரண்டிய விட்டா எதிர்த்து நிக்குதுன்னா இன்னும் ரெண்டு நிமிஷம் விடுங்க.

அடுப்பு மேலயா, ஓவன்லயா?

ரெண்டும் சரி. ஓவன்ல 150 டிகிரி வச்சா சுத்தி எல்லா பக்கமும் சூடு வரும், அடிப்பிடிக்கிற பயம் குறைவு. அடுப்புல தீ எவ்வளவு சின்னதா எரியுதுங்கறது முக்கியம். உள்ள தண்ணி 85ல இருந்து 95 டிகிரிக்குள்ள, அங்கொண்ணு இங்கொண்ணுன்னு குமிழ் விட்டுக்கிட்டு இருந்தா போதும், இறைச்சில இருக்கிற கொலாஜன்ங்கற கெட்டியான புரதம் அந்தச் சூட்டுலயே மெதுவா ஜெலட்டினா மாறி குழம்ப கெட்டியாக்கும். தளதளன்னு கொதிக்க விட்டா சீக்கிரம் ஆகும்னு நெனைக்காதீங்க, நார் சுருங்கி சாறெல்லாம் வெளிய போயி தண்ணிக்குள்ளயே வறண்டு கெடக்கும்.

தக்காளி, வினிகர், வைன் எல்லாம் ஊத்தி மணிக்கணக்குல வேக விட்டா ஸ்டீல்ல இருந்து ஏதாவது இறங்குமா?

புளிப்பு, நேரம் ரெண்டும் கூடினா கொஞ்சம் நிக்கலும் குரோமியமும் இறங்கும், உண்மைதான். புது பேன்ல அதிகமா இருக்கும், உபயோகிக்க உபயோகிக்க குறையும். பெரும்பாலானவங்களுக்கு இது கவலைப்படற அளவு இல்ல. நிக்கல் அலர்ஜி கடுமையா இருக்கிறவங்க மட்டும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எனாமல் பக்கம் போங்க. வேற யாரா இருந்தாலும் சமைச்ச புளிப்புக் குழம்ப ராத்திரி முழுக்க அதே பேன்ல வச்சுடாதீங்க, வேற டப்பாவுல மாத்திடுங்க.

வானவில் கலர்ல ஏதோ வருது, வெள்ளப் புள்ளி வருது, சின்னச் சின்ன குழி விழுது. பேன் கெட்டுப் போச்சா?

மூணும் வேற வேற. வானவில், அதிக சூட்டுல ஆக்ஸைடு படலம் தடிச்சதால வர்ற நிறம், வெள்ளப் புள்ளி தண்ணில இருக்கிற கால்சியம். ரெண்டுக்கும் ஒரு ஸ்பூன் வினிகர், ரெண்டு தேய், முடிஞ்சது. குழி மட்டும் திரும்பப் போகாது. குளிர்ந்த தண்ணில உப்பு போட்டு அது கரையாம அடியில கெடந்தா அந்த இடத்துல படலத்த உடைச்சு ஊசி குத்தின மாதிரி குழி விழும். கொதிச்ச அப்புறம் உப்பு போட்டு கலக்கி விட்டா பிரச்சனையே இல்ல. ஏற்கனவே விழுந்திருந்தா சமைக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது, பாக்க தான் ஒரு மாதிரி இருக்கும்.

வெளிப்பக்கம் மஞ்சளா பிசுபிசுன்னு ஒட்டியிருக்கிறது காய்ஞ்ச எண்ணெய். சோடா மாவ குழைச்சு தடவி ஊற விட்டுத் தேய்க்கணும், இல்லன்னா ஆக்ஸாலிக் ஆசிட் இருக்கிற ஸ்டீல் பவுடர். பிளீச் பக்கமே போகாதீங்க, குளோரின் ஸ்டீல அரிக்கும், ஆசிட்டோட கலந்தா விஷ வாயு வேற வரும்.

டிஷ்வாஷர்ல போடலாமா?

தட்டு அடி, எல்லா பக்கமும் ஸ்டீல் மூடியிருந்தா போடலாம். ட்ரைப்ளைல வாய் விளிம்ப உத்துப் பாருங்க, நடுவுல ஒரு வெளிர் கோடு தெரிஞ்சா அது திறந்து கெடக்கிற அலுமினியம். டிஷ்வாஷர் சோப்பு காரம், அந்தக் கோட்ட மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும், ரெண்டு ஸ்டீல் விளிம்பும் பிளேடு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், விரல அறுத்துடும். விளிம்ப மூடி உருட்டி விட்டதா வாங்கினா இந்தக் கவலை இல்ல, ஊத்தும்போதும் வழியாது.

அடி வளைஞ்சு ஆடுது, என்ன பண்றது?

கொதிக்கிற பேன குழாய்த் தண்ணிக்குக் கீழ காட்டினா இதுதான் நடக்கும், காலி பேன ஃபுல் தீயில மறந்துட்டாலும் நடக்கும். கேஸ் அடுப்புல சமாளிச்சுக்கலாம், கண்ணாடித் தள அடுப்புல நடுவுல இடைவெளி விழுந்து சூடு சரியா ஏறாது. தட்டி நிமித்தப் போயி அடுக்கு பிரிஞ்சா போச்சு. வாரண்டில வருதான்னு முதல்ல பாருங்க.

புதுசா வாங்கினதும் எண்ணெய் தடவி சூடாக்கிப் பழக்கற சீசனிங் பண்ணணுமா?

தேவையில்ல. ஆனா பாலிஷ் பண்ணின பவுடர் கொஞ்சம் ஒட்டியிருக்கும், வெறும் சோப்புக்கு அது சரியா போகாது. டிஷ்யூவுல எண்ணெய தொட்டு உள்ள அழுத்தித் துடைச்சா கருப்பா வரும், முக்கியமா ரிவெட் சுத்தியும் மூடி விளிம்புக்கு அடியிலயும். கருப்பு நிக்கற வரைக்கும் துடைச்சு, சுடுதண்ணி சோப்புல கழுவி, கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணிய ஒரு தடவ கொதிக்க விட்டு கொட்டிட்டு சமைக்க ஆரம்பிக்கலாம்.